தூக்கத்தில் நடக்கும் மெட்டும் எட்டாம் கோடும்

சொற்களே இல்லாத ஒரு பாட்டைப் பற்றி இன்று பேசலாம், நேயர்களே. இலக்கியத் தொடரில் சொல்லில்லாத பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கான பதில் போகப் போக வரும்.

பாட்டின் பெயர் 'ஸ்லீப் வோக்'. தூக்கத்தில் நடத்தல் என்று தமிழில் சொல்லலாம். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த சாண்டோ ஃபரீனா, ஜொனி ஃபரீனா என்ற சகோதரர் இருவர் வாசித்தது. 1959 செப்டெம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. பெயர் தெரியாதவர்களும் மெட்டைக் கேட்டால், "இதுவா, இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே" என்பார்கள். 1987இல் வந்த 'லா பாம்பா' திரைப்படத்தின் இறுதியில் ஒலிப்பதும் இதுவே.

இச்சகோதரர்களின் கதையில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒக்லஹோமாவில் படைப்பணியில் இருந்த அவர்களின் தந்தை, வானொலியில் ஸ்டீல் கிற்றாரைக் கேட்டு மனம் பறிகொடுத்தார். பிள்ளைகள் இதைப் பழக வேண்டும் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். மூத்தவர் சாண்டோ ஸ்டீல் கிற்றாரை எடுத்தார். இளையவர் ஜொனி சாதாரணக் கிற்றாரில் பக்கத்துணையானார்.

ஸ்டீல் கிற்றார் என்றால் என்ன? மடியிலோ மேசையிலோ படுக்க வைத்து, தந்திகளை விரலால் அழுத்தாமல், அவற்றின் மேல் ஒரு உருக்குக் கட்டையை வைத்து வழுக்கி வழுக்கி வாசிக்கும் கிற்றார். ஹவாய்த் தீவில் பிறந்த முறை இது. 1874இல் பிறந்த ஜோசப் கெக்குக்கு என்ற ஹவாய் இளைஞன், ரயில் பாதை வழியே நடந்து போகையில் ஒரு ஆணித்திருகைக் கண்டெடுத்து, அது தற்செயலாகத் தந்தியில் உரசிய ஓசையில் மயங்கி இம்முறையைக் கண்டான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இந்தியாவிலிருந்து கப்பலில் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்த கேப்ரியேல் டேவியன் என்பவனே முன்னோடி என்று சொல்வோரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் தண்டவாளத்து ஆணி என்றதும் நமக்கு ஒரு சொந்தம் வந்துவிடுகிறது. 1924இல் பதுளைக்கு வந்து முடிந்த நம்முடைய பாதையில், தெமோதரைக்கும் பதுளைக்கும் நடுவே ஹாலிஎலயில் ரயில் ஊதிக்கொண்டு நம்மைக் கடந்து போகும்போது அந்த ஊதல் மெல்லக் கீழே சரிகிறதே, அந்தச் சரிவைக் கேட்டவர்களுக்கு ஸ்டீல் கிற்றாரின் குரலை விளக்க வேண்டியதில்லை.

தமிழருக்கும் இது முற்றாக அந்நியமன்று. நம்முடைய கோட்டுவாத்தியம் இதே முறைதான். வீணை போன்ற உடல், மெட்டுக்கட்டு இல்லை, தந்தியின் மேல் ஒரு கட்டை வழுக்கும். திருவிடைமருதூர் சகாராம ராவும், பின்னர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார்கள். வட இந்தியாவில் ஹவாய்க் கருவியே நேராக வந்து சேர்ந்தது. டவ் மோ என்ற கலைஞர் குடும்பத்தோடு ஆசியாவெங்கும் சுற்றி, 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். அதன் பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா, 1967இல் வெளிவந்த 'கோல் ஒஃப் த வலி' இசைத்தட்டில், சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் சமமாகக் கிற்றாரைப் படுக்க வைத்தே ராகம் பேச வைத்தார். விஷ்வ மோகன் பட் 1994இல் கிராமி விருது வரை போனார். வடக்கே இக்கருவி பெற்ற மதிப்பைத் தெற்கே பெறவில்லை என்பது என் எண்ணம். கோட்டுவாத்தியம் இருக்க ஹவாய்க் கிற்றார் எதற்கு என்று நம்மவர் நினைத்திருக்கக்கூடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சாண்டோ வாசித்தது பெடல் இல்லாத ஸ்டீல் கிற்றார். பெடல் ஸ்டீல் கிற்றார் அதன் அடுத்த பிறவி. கால்கள் பொருத்திய ஒரு மேசை போல நிற்கும். பெரும்பாலும் பத்துத் தந்தி. கீழே மூன்று மிதிகள், தையல் மெசினுக்கு இருப்பது போல. மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளும் நெம்புகள் நான்கோ ஐந்தோ. மிதியை அழுத்தினால் அடியில் ஓடும் கம்பி ஒன்று குறிப்பிட்ட தந்தியை மட்டும் இழுத்து இறுக்கும். மற்றத் தந்திகள் அசையாமல் நிற்க, அந்த ஒன்று மட்டும் சுருதி ஏறும்.

இதற்கு உவமை தேடி வெளியே போக வேண்டாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உடுக்கு அடிப்பவரின் இடது கையைப் பாருங்கள். உடுக்கின் இடுப்பில் ஓடும் கயிற்றை அவர் நெருக்க, தோல் இறுகி ஓசை மேலே போகிறது. தளர்த்த, கீழே வருகிறது. பெடல் செய்வது அந்தக் கயிற்றின் வேலை. உருக்குக் கட்டை செய்வது கோட்டுவாத்தியக் கட்டையின் வேலை. ஒன்று இறுக்கத்தை மாற்றுகிறது, மற்றது நீளத்தை மாற்றுகிறது. ஒரு வீணைக் கலைஞரிடம் கேட்டால் இரண்டும் தன் கையில் உண்டு என்பார்: சறுக்கினால் ஜாரு, ஒரே இடத்தில் நின்று தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் வேறு வகைக் கமகம். காதுக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றலாம். ஒன்றல்ல என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

பெடலில்லாத கருவியில் பிறந்த ஒரு மெட்டைப் பெடல் கருவியில் எப்படி வாசிப்பது? இது ஒரு மொழிபெயர்ப்புக் கேள்வி. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தோட்டத்துக் கவிதையைச் சக்தீ பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குக் கொண்டு வந்தபோது எதிர்கொண்ட கேள்வியும் இந்த இனம்தான். மூலம் வேறொரு கருவிக்காக எழுதப்பட்டது. புதிய கருவியில் மூலத்தில் இல்லாத வசதிகள் உண்டு. எந்த வசதியை எடுத்துக்கொள்வது, எதை வேண்டாமென்று ஒதுக்குவது?

மெட்டின் எலும்புக்கூட்டைப் பார்ப்போம். நடை திஸ்ரம்: தகிட தகிட என்று மெதுவாக, நான்கு தகிடவாகச் சுற்றும். அதன் கீழே நான்கு சுரக்கூட்டுகள் மாறி மாறி வரும். கிற்றார்காரர் இவற்றை ஸீ மேஜர், ஏ மைனர், எஃப் மைனர், ஜீ என்பார்கள். ஸீயை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நம் பாஷையில் முதலாவது ஸ க ப. இரண்டாவது ஸ க த. மூன்றாவது ஸ ம த, ஆனால் இந்தத் தைவதம் சதுஸ்ருதி அன்று, சுத்த தைவதம். நான்காவது ப நி ரி. சங்கராபரணத்தின் வீட்டில் நடந்துகொண்டிருக்கும்போது மூன்றாவது அடியில் ஒரு கால் சரசாங்கியின் வாசலில் படுகிறது. மெட்டின் ஏக்கம் முழுவதும் அந்த ஓர் அடியில் இருக்கிறது.

பெடல் ஸ்டீலின் வழக்கமான சுருதியமைப்பு ஈ-9. அதில் உருக்குக் கட்டையை 8ஆம் கோட்டில் வையுங்கள். (ஸ்டீல் கிற்றாரில் மெட்டுக்கட்டு இல்லை, இடம் காட்ட வரைந்த கோடுகள்தாம் உண்டு.) எதையும் மிதிக்காமல் மீட்டினால் ஸ க ப கிடைக்கும். முதல் மிதியை அழுத்தினால் பஞ்சமம் தைவதமாகும்: ஸ க த. அத்தோடு இரண்டாவது மிதியையும் அழுத்தினால் காந்தாரம் மத்திமமாகும்: ஸ ம த. இது எஃப் மேஜர். இப்போது முதல் மிதியைப் பாதி மட்டும் விடுங்கள். தைவதம் அரைச்சுரம் இறங்கிச் சுத்த தைவதமாகும். தேடிய எஃப் மைனர் அதுதான். பிறகு முதல் மிதியை முழுதாக விட்டு, இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, முழங்கால் நெம்பால் ஸட்ஜத்தை நிஷாதத்துக்கு இறக்கினால் ப நி ம வரும். பக்கத்துத் தந்தியிலேயே ரிஷபமும் காத்திருக்கும். ஜீ-7 தயார்.

நான்கு கூட்டும் ஒரே கோட்டில்! கை அசையவே வேண்டாம். பாதம் மட்டும் உருண்டால் போதும். முதல் முறை இது விளங்கும்போது உண்டாகும் ஆனந்தம் சொல்லில் அடங்காது. இந்த இயந்திரத்தின் சூட்சுமமே அதுதான். முதல் மிதி தந்தியை ஒரு முழுச்சுரம் ஏற்றுகிறது என்றால், தந்தியின் இறுக்கம் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பங்கு கூடுகிறது. சுருதி இறுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் வரும் கணக்கு அது. அவ்வளவு இழுவையும் ஒரு பாத அசைவில் நடந்து, விட்டதும் பழைய சுருதிக்குச் சரியாகத் திரும்பி வருகிறது.

இனி அதை வாசித்துக் கேளுங்கள். நான்கு கூட்டும் சுத்தமாக இருக்கும். ஆனால் தூக்கத்தில் நடந்தவர் விழித்துவிட்டிருப்பார்.

காரணத்தைக் காண, பெடலில்லாத கருவியில் கையாளக்கூடிய ஒரு வழியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸீ-6 என்ற சுருதியமைப்பில் தந்திகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஸ க ப த ஸ க என்று நிற்கும். 12ஆம் கோட்டில் கட்டையை வைத்தால் முதல் இரண்டு கூட்டுகளும் அங்கேயே இருக்கின்றன. எந்தத் தந்தியை மீட்டுகிறோம் என்பதே வித்தியாசம். பிறகு எஃப் மைனருக்குக் கட்டை 8ஆம் கோட்டுக்கு வர வேண்டும். ஜீக்கு 7ஆம் கோடு. பன்னிரண்டு, பன்னிரண்டு, எட்டு, ஏழு. 24 அங்குலத் தந்தியில் 12இலிருந்து 8க்கு மூன்று அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான தூரம். 8இலிருந்து 7க்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்த மூன்று அங்குலத்தில் என்ன நடக்கிறது? மூன்று தந்திகளும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகக் கீழே சறுக்குகின்றன. க ஸட்ஜத்துக்கும், ஸ சுத்த தைவதத்துக்கும், த மத்திமத்துக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு நுண்சுருதியையும் தொட்டுக்கொண்டு போகின்றன. பெடல் முறையில் அதே இடத்தில் நடப்பது முற்றிலும் வேறு: ஸட்ஜம் அசையாமல் நிற்கிறது, காந்தாரம் மத்திமத்துக்கு ஏறுகிறது, தைவதம் அரைச்சுரம் இறங்குகிறது. புறப்படும் கூட்டும் ஒன்று, போய்ச் சேரும் கூட்டும் ஒன்று. ஆனால் ஒன்றில் மூவரும் சேர்ந்து மலைப்படியில் இறங்குகிறார்கள். மற்றதில் ஒருவர் நிற்க, ஒருவர் ஏற, ஒருவர் இறங்குகிறார். அகராதிப்படி பொருள் சரியாக இருந்தும் கவிதை வராமல் போகிற மொழிபெயர்ப்பு எப்படி நேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இசைத்தட்டிலிருந்து மெட்டைப் பிடிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசமே வழிகாட்டி. ஒரு சுரம் வழுக்கும்போது கூட ஒலிக்கும் சுரங்களும் சேர்ந்து வழுக்குகின்றனவா என்று கேளுங்கள். சேர்ந்து போனால் பெரும்பாலும் அது கட்டையின் வேலை. ஒன்று மட்டும் போய் மற்றவை நின்றால் அங்கே மிதியோ, கட்டையைச் சாய்த்துப் பிடிக்கும் வித்தையோ இருக்கிறது. 1954இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டு வானொலியில் வந்தபோது அமெரிக்க ஸ்டீல் கலைஞர்களைத் திகைக்க வைத்தது இதுதான். அதில் வாசித்த பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். நிற்கும் சுரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஊர்ந்து ஏறியதைக் கேட்டவர்கள், தங்கள் கருவிகளுக்கும் மிதி பொருத்த ஓடினார்கள். சில ஆண்டுகளில் படி எமன்ஸ், சேர்ந்திருந்த இழுவையை இரண்டு மிதிகளாகப் பிரித்தார். நாம் மேலே பாதி விட்டுப் பிடித்த வித்தை அந்தப் பிரிவினால் கிடைத்த கொடை.

பழைய காலத்தில் மெட்டைப் பிடிக்க 45 சுற்று இசைத்தட்டை 33⅓ சுற்றில் ஓட விடுவார்கள். வேகம் குறையும், ஆனால் சுருதியும் ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாக இறங்கிவிடும். கருவியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு தடவ வேண்டும். இன்று கைத்தொலைபேசியே சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்துத் தருகிறது. வசதிதான். ஆனால் எந்த இயந்திரம் வந்தாலும் முதல் வேலை வாயால் பாடிப் பார்ப்பது. வழுக்கல் எந்தத் தகிடவில் புறப்படுகிறது, எந்தத் தகிடவில் போய்ச் சேர்கிறது என்று பாடிப் பார்க்காமல் கட்டையை எடுப்பவர்கள் அநேகமாக அவசரப்பட்டுச் சேர்ந்துவிடுவார்கள்.

அப்படியானால் பெடல் ஸ்டீலில் இதை வாசிக்கும்போது மிதியைத் தொடவே கூடாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்த மெட்டின் நடுப்பகுதியில் எஃப் மேஜரும் எஃப் மைனரும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் ஒரே ஒரு சுர வித்தியாசம்: சதுஸ்ருதி தைவதம் சுத்த தைவதமாக இறங்க வேண்டும். ஸட்ஜமும் மத்திமமும் நிற்க வேண்டும். பெடலில்லாத ஸீ-6 கருவியில் எஃப் மேஜர் 5ஆம் கோட்டில், எஃப் மைனர் 8ஆம் கோட்டில். கீழே இறங்க வேண்டிய மனத்தைக் கொண்டு கை மேலே தாவ வேண்டியிருக்கிறது. பெடலிலோ பாதத்தைப் பாதி தளர்த்தினால் போதும். ஒரு பெருமூச்சு விடுவது போல அந்த ஒரு சுரம் மட்டும் கீழே அமர்கிறது. இங்கே புதிய கருவி மூலக் கருவியை விட நன்றாகவே பேசுகிறது. மொழிபெயர்ப்பாளர் இப்படிப்பட்ட இடங்களைக் கைவிடக்கூடாது.

ஆகவே என் யோசனை இது. முதற் பகுதியில் மிதிகளை மறந்துவிட்டுக் கட்டையை நகர்த்துங்கள். ஏ மைனரை 8ஆம் கோட்டில் முதல் மிதியோடு பிடித்தால், அதே மிதியை விடாமல் 4ஆம் கோட்டுக்குச் சறுக்கினால் எஃப் மைனர் வந்துவிடும். மூவரும் சேர்ந்து இறங்கும் அந்தச் சரிவு அப்படியே கிடைக்கும். நடுப்பகுதியில் கையை நிறுத்திவிட்டுப் பாதத்திடம் பொறுப்பைக் கொடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வலது பாதத்தில் இருக்கும் ஒலியளவு மிதி உதவும்: மீட்டும்போது ஒலியைக் குறைத்து வைத்து, தந்தி தேயத் தேய மெல்லத் திறந்தால், மீட்டியதே தெரியாமல் சுரம் தானாக முளைத்தது போல் இருக்கும்.

ஹாலிஎலயில் பெடல் ஸ்டீல் கிற்றார் கடையில் தொங்கப் போவதில்லை. இறக்குமதி விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். அதற்காகக் கேட்டு ரசித்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? வீட்டில் ஒரு பழைய கிற்றார் கிடந்தால் போதும். அதை மடியில் படுக்க வையுங்கள். தலைப்பக்கத்துப் பாலத்தின் மேல் ஒரு உலோகத் துண்டைச் செருகித் தந்திகளை உயர்த்துங்கள், கட்டை கீழே மரத்தில் இடிக்காத அளவுக்கு. வழவழப்பான உருக்குத் துண்டு ஒன்று கட்டையாகும். சுருதியை ஸீ-6க்கு மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: 4ஆம் தந்தியை ஐந்து அரைச்சுரம் ஏற்ற வேண்டி வரும்; அறுந்து முகத்தில் அடிக்கலாம். அந்த இடத்தில் இன்னொரு 3ஆம் தந்தியைக் கட்டினால் ஏற்றவே தேவையில்லை, அதன் சொந்தச் சுருதியே வேண்டிய பஞ்சமம். 5ஆம், 6ஆம் தந்திகளை இறக்க வேண்டும். 2ஆம் தந்தி அரைச்சுரமும் 3ஆம் தந்தி ஒரு சுரமும் ஏறும். முதல் தந்திக்கு மாற்றமில்லை.

கட்டையைக் கோட்டுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். சாதாரணக் கிற்றாரில் விரல் வைப்பது போல இரண்டு கம்பிக்கு நடுவில் வைத்தால் சுருதி தாழ்ந்து நிற்கும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாலும் கண் ஏமாற்றும். நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். இடது கையின் மற்ற விரல்கள் கட்டைக்குப் பின்னே தந்திகளில் இலேசாகப் படிந்திருக்கட்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து முனகும். பிறகு 12, 12, 8, 7. தகிட தகிட என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

நடுப்பகுதி வரும்போது மிதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் தந்தியை மட்டும் 5ஆம் கோட்டில் மீட்டி, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே 4ஆம் கோட்டுக்கு இழுங்கள். சதுஸ்ருதி தைவதம் சுத்த தைவதமாகிவிடும். நிற்க வேண்டிய ஸட்ஜத்தையும் மத்திமத்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியோ நண்பனோ சாதாரணக் கிற்றாரில் பிடித்துக்கொள்ளட்டும்.